துண்டு, பாஸ், இக்காமா: ஆண்டையை மாற்றிக்கொள்ளும் உரிமையின் கதை

1

"ஊரு மாறிட்டேன். கடலு தாண்டிட்டேன். பாஷையக்கூட மாத்திக்கினேன். ஆனா ஆளை மாத்த முடியலபா. ஒம்பது வருஷம்."

சவூதியிலிருந்து திரும்பி வந்த எங்கள் சித்தப்பா இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். 'ஆள்' என்று அவர் சொல்வது கஃபீலை. அதாவது, அவருடைய விசாவுக்குப் பொறுப்பாளியாகக் கையெழுத்துப் போட்ட அரபியை. கேளம்பாக்கத்து உப்பளத்தில் பலகை இழுத்த குடும்பம் எங்களுடையது. பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து உப்பும் விறகும் சென்னைக்குப் போயின. இன்று அதே பழைய மகாபலிபுரம் சாலையில், கூப்பிடு தூரத்தில், சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டு ரோட்டு டீக்கடையில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்கள் பேசுவது காதில் விழும். "எச்-1பி டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாடா?" "வேலை போயிட்டா அறுபது நாள்தான்டா டைம்."

ஒருநாள் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னாபா, இவங்களுக்குமா கஃபீல் கீறான்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. வெளிநாட்டில் இருந்துகொண்டே விசாவை மாற்றுவது, முதலாளியை மாற்றுவது, வேலையின் பெயரை மாற்றுவது என்பதெல்லாம் இன்று வக்கீல்களும் ஏஜெண்டுகளும் பேசுகிற சமாச்சாரமாக இருக்கிறது. படிவம், கட்டணம், கெடு தேதி என்று முடிந்துவிடுகிறது. ஆனால் சேரியிலிருந்து பார்த்தால் இது இருநூறு வருடத்துப் பழைய வழக்கு. நம் மக்கள் ஊரைவிட்டுப் போன கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். போன இடத்தில் ஆண்டையை மாற்றிக்கொள்ள முடிந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. அந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து நேட்டால் வரைக்கும், சிலோன் வரைக்கும், வளைகுடா வரைக்கும் போய்வரலாம் என்று நினைக்கிறேன்.

2

முதலில் நம்ம ஊர். கப்பல் ஏறுவதற்கு முன்னால் நம் ஆட்கள் எந்த 'விசா'வில் இருந்தார்கள்?

செங்கல்பட்டுச் சீமை மிராசுச் சீமை. நிலமும், நிலத்தின் மேலிருந்த ஆட்களும் மிராசுதார்களின் பாத்தியதை என்பதாக நடைமுறை இருந்தது. வெள்ளாளரும் பார்ப்பனரும் மிராசுதார்கள். பறையர்கள் படியாட்கள். 1819-ல் சென்னை ரெவின்யூ போர்டு மாகாணத்தில் இருக்கும் அடிமைமுறை பற்றி விசாரித்தபோது, பண்ணை அடிமைகள் இருப்பதைக் கம்பெனி அரசாங்கமே ஏட்டில் எழுதிக்கொண்டது. எழுதிக்கொண்டதே தவிர உடனே ஒன்றும் செய்யவில்லை. 1843-ல் வந்த 5-ஆம் சட்டம், ஒருவன் இன்னொருவனுடைய அடிமை என்ற வழக்கை இனிக் கோர்ட்டு ஏற்காது என்று சொன்னது. 'அடிமை' என்ற சொல் சட்டத்திலிருந்து போனது.

ஆள் போகவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மிராசுதாரிடம் வாங்கிய கடன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடன் தீரும்வரை படியாள். கடன் தீரவே தீராது. பிள்ளை தலைக்கு அது இறங்கும். இன்னொரு பண்ணைக்குப் போக வேண்டுமானால் அந்தப் பண்ணைக்காரன் பழைய கடனை அடைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதாவது கடன் மட்டும் கைமாறும், ஆளும் கூடவே கைமாறுவான். இதற்கு மேல் ஒரு பூட்டு, வீட்டு மனை. குடிசை நிற்கிற மண் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் கூரையைப் பிரித்துப் போடலாம். வேலையை விட்டால் வீடும் போகும்.

1859-ல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகிற தொழிலாளியைக் குற்றவாளியாக்கி ஜெயிலுக்கு அனுப்ப வழிசெய்த 13-ஆம் சட்டம் அது. 1925-ல்தான் அதை ரத்து செய்தார்கள். முன்பணம் கொடுத்தவன் சம்பளம் தராமல் ஏமாற்றினால் அது சிவில் தகராறு. வாங்கியவன் விட்டுப்போனால் கிரிமினல் குற்றம். இந்த ஓரவஞ்சனையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடலுக்கு அப்பாலும் இதே தராசுதான் வரப்போகிறது.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். மனை இல்லாததையும், நிலம் கேட்டால் மிராசுதார்கள் போடும் முட்டுக்கட்டையையும், கடன்கட்டு வேலையையும் அதில் எடுத்துச் சொன்னார். அதன்மேல் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி போடப்பட்ட 1010-ஆம் எண் அரசாணையில் இருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. ஒடுக்கப்பட்டவனுக்கு அவன் பேரிலேயே ஒரு பட்டா. அதை வேறு ஜாதியாரிடம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை. அந்தப் பட்டா என்ன ஆனது என்பதற்குக் கடைசியில் வருவோம்.

3

டிரெமென்ஹீர் எழுதுவதற்கு முப்பது வருடம் முன்பே நம் மக்கள் வேறு ஒரு காகிதத்தைத் தேடிப் போய்விட்டார்கள். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். 'பறையர்' என்ற ஜாதியும் 'செங்கல்பட்டு' என்ற ஜில்லாவும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. நம்மைப் பற்றி ஊரில் எவனும் எழுதிவைக்காத விவரத்தைக் கப்பல்காரன் எழுதிவைத்திருக்கிறான். அவனுக்குச் சரக்குக் கணக்கு. நமக்கு வம்ச வரலாறு.

இவர்களை ஏமாற்றித்தான் கொண்டுபோனார்கள் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஏமாற்று நடந்தது, ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளின் பொய் நடந்தது. ஆனால் படியாளுக்கு ஊரைவிட்டு ஓடுவதற்குக் காரணம் இருந்தது. ஊரில் கடனுக்கு முடிவு தேதி கிடையாது. ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் என்று ஒரு தேதி இருந்தது. பத்து வருடம் இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் செலவு இலவசம் என்றது. முதல் வருடம் மாசம் 10 ஷில்லிங் சம்பளம், வருடா வருடம் ஒரு ஷில்லிங் உயரும். கப்பலில் ஒரே பானைச் சோறு. தண்ணீர் எடுக்கத் தனிக் கிணறு கிடையாது. தீண்டாமையை முதல்முதலாகக் கடல்தான் உடைத்தது என்று பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அந்த ஐந்து வருடம் யாருக்குச் சொந்தம்? துறைமுகத்தில் இறங்கியவுடன் கூலியை ஒரு முதலாளிக்கு ஒதுக்குவார்கள். இவன் அவனைத் தேர்ந்தெடுக்க முடியாது. முதலாளி எழுதிக்கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். வேலைக்கு வராவிட்டாலும் ஜெயில், ஓடினாலும் ஜெயில். அதே நேட்டாலில் சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டுப் போனால் முதலாளி அவன்மேல் சிவில் வழக்குதான் போட முடியும். ஒப்பந்தக் கூலிக்கு மட்டும் அது குற்றம். நம்ம ஊர் 1859-ஆம் வருடச் சட்டத்தின் தராசு கப்பலேறி வந்துவிட்டது.

1871-ல் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய முதல் கூட்டம் இங்கே வந்து வாய்திறந்து சொன்னது. அடித்தார்கள், சம்பளத்தைப் பிடித்தார்கள் என்றது. 1866-ல் ஏற்கெனவே நின்றுபோயிருந்த ஆளனுப்பலை, விசாரணை நடத்தாமல் மறுபடி தொடங்க முடியவில்லை. 1872-ல் நேட்டாலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது, குடிவந்தோர் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரியை வைத்தார்கள், 1874-ல்தான் கப்பல் மறுபடி ஓடியது. படிக்காத கூலிகளின் வாக்குமூலம் இரண்டு அரசாங்கங்களை அசைத்தது. இதைப் பள்ளிப் பாடத்தில் பார்க்க முடியாது.

1894-ல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்போது இளம் வக்கீலாக இருந்த காந்தியின் முன்னால் வந்து நின்றார். காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். எல்லோரும் அந்தத் தலைப்பாகையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதை. இவ்வளவு அடி வாங்கிய ஆளை விடுவிக்கச் சட்டத்தில் இருந்தவை இரண்டே வழிகள். பாதுகாவலர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் அல்லது வேறு முதலாளிக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடித்த முதலாளியே மனம்வைத்து விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசியில் அந்த முதலாளி ஒத்துக்கொண்டான், காந்தி இன்னொரு ஐரோப்பியரைத் தேடிப் பிடித்தார், ஒப்பந்தம் அவர் பேருக்கு மாறியது.

அந்த அடியிலிருந்து பாலசுந்தரம் தப்பித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் காகிதம் மட்டும் அவர் பேரில் வரவில்லை. ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குப் போனது. ஆண்டையை மாற்றினார்கள், ஆண்டையை மாற்றும் உரிமையைத் தரவில்லை. நூற்றுப் பத்து வருடம் கழித்து என் சித்தப்பா 'ரிலீஸ்' வாங்க அலைந்ததும் இதே வாசலில்தான்.

இந்த நேட்டால் கோர்ட்டுகளோடு நம் ஜில்லாவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர், 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், இரட்டைமலை சீனிவாசன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே வருடக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து சென்னை சட்டசபைக்குப் போனார். 1924-ல் பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாம் எல்லோருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே. ஒரு மனிதன் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்று சட்டம் போட்ட ஒரு நாட்டில் கோர்ட்டில் நின்று பேசிய நாக்கு அது. அந்த அனுபவமும் அந்தத் தீர்மானத்துக்குள் இருக்கிறது என்று நான் படிக்கிறேன்.

4

ஐந்து வருடம் முடிந்து கூலி 'விடுதலை பெற்ற இந்தியன்' ஆனான். இன்றைய பாஷையில் சொன்னால், அந்த நாட்டில் இருந்துகொண்டே அவனுடைய அந்தஸ்து மாறியது. அவன் காய்கறி போட்டான், மீன் பிடித்தான், கடை வைத்தான். திரும்பும் கப்பல் செலவுக்குப் பதிலாகச் சிலருக்குத் துண்டு நிலமும் கொடுத்தார்கள். 1891-ல் அந்த நில ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? கூலியாக இருந்தவரைக்கும் அவன் வேண்டும். சொந்தக் காலில் நின்றவுடன் அவன் வேண்டாம். நேட்டால் வெள்ளைக்காரர்கள் முதலில் வருடத்துக்கு 25 பவுன் வரி போடக் கேட்டார்கள். இந்திய அரசாங்கம் அதை 3 பவுனாகக் குறைத்து ஒத்துக்கொண்டது. 1895-ஆம் வருடத்து 17-ஆம் சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டும் முடியாதென்றால் வருடா வருடம் 3 பவுன் கட்ட வேண்டும். 1903-ல் பிள்ளைகள் தலையிலும் இதை ஏற்றினார்கள். பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனால் வரி.

கணக்குப் பார்ப்போம். ஒரு பவுன் 20 ஷில்லிங். 3 பவுன் 60 ஷில்லிங். முதல் வருடக் கூலிக்கு மாசம் 10 ஷில்லிங். அவன் ஆறு மாசச் சம்பளம் ஒரு ஆள் வரி. புருஷன், பெண்டாட்டி, வயதுவந்த ஒரு பிள்ளை என்றால் 9 பவுன். எங்கிருந்து கட்டுவான்? கட்டாதவர்களுக்கு ஜெயில், ஜெயிலுக்குப் பயந்தவனுக்கு மறுஒப்பந்தம். 1911-ல் இந்திய அரசாங்கம் நேட்டாலுக்கு ஆளனுப்புவதை நிறுத்திய பிறகு இந்த வரி இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. புதுக் கூலி வராது, ஆகவே பழைய கூலி விடுதலை ஆகக் கூடாது. அவன் சுதந்திர மனிதனாக அங்கே இருப்பதற்குத்தான் வரி. கூலியாக இருந்தால் வரி கிடையாது.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய், 3 பவுன் வரி போகும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்றார்கள். சுரங்கத்தில் தொடங்கியது கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. தலைவர்கள் யாரும் போய் அழைக்காத தோட்டங்களிலும் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். நவம்பரில் கரும்புத் தோட்டங்களில் போலீஸ் சுட்டது, கூலிகள் செத்தார்கள். ஜெயிலில் நோயுற்று வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். அந்த வருடமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து 3 பவுன் வரி ஒழிந்தது. வள்ளியம்மைக்கு நம் நாட்டில் சிலையும் மண்டபமும் இருக்கின்றன. அது சரிதான். தோட்டத்தில் குண்டடிபட்டுச் செத்த கூலிகளின் பெயர்களைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? சத்தியாகிரகத்தின் வெற்றி என்று எழுதப்படும் அத்தியாயத்தில், வேலையை நிறுத்திய கை யாருடையது என்று நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

5

நேட்டாலுக்கு 'பாஸ்' என்றால் சிலோனுக்குத் 'துண்டு'. சிலோன் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் கட்டிக்கொண்டு போவார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். ஒரு கும்பல் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக்கொடுப்பார். இந்தக் கும்பலுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற துரை இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். காகிதத்தின் பெயரே துண்டு. அதில் எழுதிய தொகை ஏற ஏறக் கூலி அதிக விலைக்கு விற்கப்பட்டான் என்று அர்த்தம். செங்கல்பட்டு மிராசுதார் வாய்ப்பேச்சில் செய்ததைச் சிலோன் துரை எழுத்தில் செய்தார். 1921-ல் 43-ஆம் எண் அவசரச் சட்டத்தால் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கடன் துண்டு போன பின்பும் காகிதம் விடவில்லை. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே கொழுந்து கிள்ளியவர்கள் ஒரு ராத்திரியில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறீமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். அந்தப் பத்து லட்சத்தில் நம் மக்கள் பெரும்பங்கு. இவர்கள் யாரும் எங்கும் போகவில்லை, எந்தப் படிவமும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே அவர்களுடைய அந்தஸ்தை வேறு யாரோ மாற்றி எழுதினார்கள்.

6

இப்போது சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன். 2004-ல் அவர் சவூதி போனார். இக்காமாவில் எழுதியிருந்தது 'சாயக் காஸ்', அதாவது வீட்டு டிரைவர். உப்பளத்து லாரியில் கிளீனராகத் தொடங்கி மெக்கானிக் வேலை கற்றவர் அவர். ஏஜெண்டு மெக்கானிக் வேலை என்றுதான் சொல்லியிருந்தார்.

"போன அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கினான். கொஞ்ச நாளு வண்டி ஓட்டினேன், தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தினேன். அப்புறமா அவனே சொன்னான், நீ வெளிய போயி இன்னா வேலையோ பாத்துக்கோ, மாசம் எனக்கு முந்நூறு ரியால் குடுத்துடுன்னு. அதத்தான் நம்ம ஆளுங்க ஃப்ரீ விசான்றாங்கோ. இன்னா ஃப்ரீ? ஒர்க்‌ஷாப்ல வேலை செய்யும்போது செக்கிங் வந்தா பின்பக்கம் எகிறி ஓடணும். இக்காமால ஒரு தொழிலு, கையில ஒரு தொழிலு. ரிலீஸ் குடுன்னு கேட்டா பத்தாயிரம் ரியால் எடுத்துக்கினு வாங்கறான். சண்ட போட்டா ஹுரூப் போட்டுடுவேன்றான். ஹுரூப்னா இன்னா தெரியுமாபா? இவன் என்னாண்டேந்து ஓடிப்பூட்டான்னு அவன் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா போதும். நான் அவன் ஊட்டு வாசல்லயே நின்னுகினு இருந்தாலும் ஓடிப்போனவந்தான்."

நேட்டாலில் ஓடிப்போன கூலி குற்றவாளி. சவூதியில் ஹுரூப் விழுந்தவன் குற்றவாளி. நேட்டாலில் 'விடுதலை பெற்ற இந்தியன்' சுதந்திரத்துக்கு 3 பவுன் கட்டினான். சவூதியில் 'ஃப்ரீ விசா'க்காரன் மாசா மாசம் 300 ரியால் கட்டினான். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சித்தப்பா சம்பாதித்து அனுப்பினார், எங்கள் வீட்டில் தளம் போட்டது அந்தப் பணம்தான், நான் காலேஜ் போனதும் அதில்தான். கூலிக்காரன் அப்படித் தன் சம்பாத்தியத்தில் தன் பிள்ளையைத் தூக்கிவிட முடிந்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை. நேட்டால் போனவர்களும் அப்படித்தான் தங்கள் வம்சத்தைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் எந்தக் காகிதத்தில் பூட்டு இருக்கிறது என்பதைப் பார்த்தால் குடும்ப ஜாடை தெரிகிறது.

2013-ல் சவூதி அரசாங்கம் நித்தாகாத் சட்டத்தைக் கெடுபிடியாக்கியபோது, அந்தஸ்தைச் சரிசெய்துகொள்ள ஒரு கெடு கொடுத்தார்கள். ஏப்ரலில் தொடங்கி முதலில் ஜூலை 3 வரை, பிறகு நவம்பர் 3 வரை. பழைய அபராதம் இல்லாமல் ஸ்பான்சரை மாற்றலாம், தொழிலின் பெயரை மாற்றலாம், அல்லது ஊருக்குப் போகலாம். லட்சக்கணக்கான இந்தியர்கள் அந்த மாசங்களில் வெயிலில் வரிசையில் நின்றார்கள். சித்தப்பாவும் நின்றார். ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் பேருக்கு இக்காமா மாறியது. தொழில் என்ற இடத்தில் மெக்கானிக் என்று வந்தது.

"நான் செய்யற வேலைய எம்பேருக்கு நேரா எழுதினாங்கபா அன்னிக்கி. அத ஜெராக்ஸ் எடுத்து வச்சிக்கினு ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன்."

பெட்டியில் இன்றும் இரண்டு இக்காமாவின் ஜெராக்ஸையும் வைத்திருக்கிறார். ஒன்று வீட்டு டிரைவர், ஒன்று மெக்கானிக்.

அதற்குப் பிறகு வளைகுடாவில் சட்டங்கள் மாறியிருக்கின்றன. 2020-ல் கத்தார், வேலை மாறப் பழைய முதலாளியின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டியதில்லை என்று சட்டம் போட்டது, மாசம் 1000 ரியால் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தது. 2021 மார்ச் 14 முதல் சவூதியும் ஒரு வருடம் வேலை செய்தவர் கஃபீலின் சம்மதம் இல்லாமலே கம்பெனி மாறலாம் என்றது. நல்ல விஷயம், வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சவூதி மாற்றத்தில் யாரைச் சேர்க்கவில்லை என்று பாருங்கள். வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள், பண்ணை ஆட்கள். இந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்குச் செங்கல்பட்டுப் படியாள் ஞாபகம்தான் வந்தது. மாடு மேய்ப்பவன், பண்ணைக்காரன், ஆண்டை வீட்டு எடுபிடி. 2024-ல் குவைத், 20-ஆம் நம்பர் வீட்டு வேலை விசாவிலிருந்து 18-ஆம் நம்பர் கம்பெனி விசாவுக்கு மாற ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை இரண்டே மாசம் கதவைத் திறந்தது. அதற்கும் கஃபீலின் சம்மதம் வேண்டும். 1894-ல் பாலசுந்தரம் நின்ற அதே வாசல்.

டீக்கடையில் சித்தப்பா கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், அமெரிக்காவின் எச்-1பி விசாவும் முதலாளி பேரில்தான் வருகிறது. ஆனால் 2000-ஆம் வருடம் வந்த சட்டத்தின்படி, புது முதலாளி மனு போட்டவுடனே இவர் அங்கே வேலைக்குச் சேரலாம். பழைய முதலாளியிடம் ரிலீஸ் கேட்க வேண்டியதில்லை. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பது 2017-ல் வந்தது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபோது சிறுசேரியே கலங்கிப்போனது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே விசா நிலையை மாற்றுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். கண்ணாடிக் கட்டடத்துப் பையனுக்கும் கயிறு இருக்கிறது. ஆனால் கயிறு நீளமானது. படித்தவனுக்கு நீளக் கயிறு, படிக்காதவனுக்குக் குட்டைக் கயிறு. யார் படித்தார்கள், யாரைப் படிக்கவிடவில்லை என்பது இந்த நாட்டில் ஜாதியின் கணக்கு. 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாவது தேறாதவன் வளைகுடா வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று ஆனதும் அந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். அனுமதி தரும் அதிகாரிக்குச் சட்டம் வைத்த பெயர் குடிபெயர்வோர் பாதுகாவலர். கூலிக் கப்பல் காலத்துப் பெயர் அது.

7

கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே, மாமல்லபுரம் பக்கம் இருக்கிறது காரணை. அங்கே பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடிய நம் மக்கள் மேல் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். 1892-ல் எழுதிய ஒரு காகிதம், நம் பேரில் எழுதிய ஒரே காகிதம், அடுத்தவன் கைக்குப் போய்விட்டதைக் கேட்டதற்குக் குண்டு.

நிலத்துக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பஞ்சமி நிலம் நம் கையில் இருந்திருந்தால் சித்தப்பா வீட்டு டிரைவர் என்று பொய் எழுதிய இக்காமாவில் கடல் தாண்டியிருப்பாரா? உள்ளூரில் பட்டா இல்லாதவன் வெளியூரில் பாஸுக்கும் துண்டுக்கும் இக்காமாவுக்கும் கைநீட்டுகிறான். காகிதத்தில் அவன் பேர் இருக்கிறது, ஆனால் காகிதம் இன்னொருவனுடைய பெட்டியில் இருக்கிறது. இந்த இருநூறு வருடத்தில் அது நம் கைக்கு வந்தபோதெல்லாம் யாரும் தானமாகத் தரவில்லை. 1871-ல் திரும்பி வந்தவர்கள் வாய்திறந்தார்கள், 1913-ல் வேலையை நிறுத்தினார்கள், 1994-ல் நிலத்தில் இறங்கினார்கள்.

ஆகவே இதை வாசிக்கிற மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சேரியில் வெளிநாடு போய் வந்தவர்களின் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட், இக்காமா ஜெராக்ஸ், ஒப்பந்தக் காகிதம், அவுட் பாஸ், சிலோன் கார்டு, தாத்தா காலத்து மலேயா சீட்டு எதுவாக இருந்தாலும் நகல் எடுங்கள். யார் பேரில் இருந்தது, எந்த வேலை என்று எழுதியிருந்தது, உண்மையில் எந்த வேலை செய்தார், மாற்றக் கேட்டபோது என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களிடம் முதலில் கேளுங்கள், அவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை. கப்பல்காரன் நம்மைச் சரக்காக எழுதிய ஏடு டர்பனில் பத்திரமாக இருக்கிறது. நாம் நம்மை மனிதராக எழுதுகிற ஏடு இன்னும் தொடங்கவில்லை. எங்கள் சித்தப்பாவின் இரண்டு ஜெராக்ஸையும் நான் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.